தானே நகரும் புல்வெட்டியின் சக்கரப் பற்களைப் பழுது பார்த்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

கைப்பிடியில் உள்ள லீவரை அழுத்தியதும் தானாக முன்னே நகர வேண்டிய புல்வெட்டி, இன்ஜின் ஓசை சற்றும் குறையாமல் நின்ற இடத்திலேயே நின்றாலோ, ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனாலோ, பெரும்பாலோர் முதலில் சந்தேகப்படுவது கியர்பாக்ஸைத்தான். ஆனால் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பழுதுக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால் கியர்பாக்ஸுக்குள் குறை இருப்பது அரிது. சக்கரத்தின் உட்புறத்தில் உள்ள பிளாஸ்டிக் பல்வரிசையிலோ, அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறு பற்சக்கரத்திலோ, பினியனுக்குள் மறைந்திருக்கும் கீ என்ற சிறிய எஃகுத் துண்டிலோதான் அது பெரும்பாலும் இருக்கும். கியர்பாக்ஸைத் தொடாமலே இந்த மூன்றையும் கழற்றி, துடைத்து, தேவையானால் மாற்றிப் பூட்டிவிடலாம். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவரும் பொறுமையாகச் செய்தால் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை இது.

கல்லூரி வளாகங்களிலும், மில் விருந்தினர் விடுதிகளிலும், தோட்டத்துச் சாளைக்கு முன்னால் நாலு சென்ட் இடத்தில் கொரியன் புல் போட்டிருக்கும் வீடுகளிலும் இந்த வண்டிகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. நம் பகுதியில் பரவலாக உள்ள பெட்ரோல் இன்ஜின் வண்டியை, அதிலும் பின்சக்கரங்கள் இழுக்கும் வகையை, மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முன்சக்கரங்கள் இழுக்கும் வகையிலும் கியர்பாக்ஸ் முன்பக்கம் இருப்பதைத் தவிர வேலையில் பெரிய மாற்றம் இல்லை.

இயக்கம் சக்கரத்துக்கு வந்து சேரும் வழி

இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாகக் கீழ்நோக்கி இறங்குகிறது. அதன் நுனியில் பிளேடும், பிளேடுக்குச் சற்று மேலே ஒரு சிறிய புல்லியும் இருக்கும். அந்தப் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் கியர்பாக்ஸின் மேல் உள்ள புல்லிக்குப் போகிறது. கியர்பாக்ஸுக்குள் ஒரு வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு), செங்குத்தான சுழற்சியைக் கிடைமட்டமாக்கி, வேகத்தையும் வெகுவாகக் குறைத்து, இரண்டு பக்கமும் நீளும் ஒரு ஷாஃப்டைச் சுழற்றுகிறது. ஷாஃப்டின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறிய பினியன் உண்டு. சக்கரத்தின் உள்விளிம்பில் வட்டமாக உள்ள பல்வரிசையில் அது பொருந்தி, சக்கரத்தைத் திருப்புகிறது. பற்கள் வட்டத்தின் உட்பக்கம் இருப்பதால் பினியன் சுழலும் திசையிலேயே சக்கரமும் சுழலும். பூட்டிய பிறகு சரிபார்க்கும்போது இது பயன்படும்.

இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று ஓடுகிறது. 8 அங்குல விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற நடை வேகத்தில் போக, நிமிடத்துக்கு 100 சுற்றுக்குச் சற்று மேல் போதும். வேகம் முப்பதில் ஒரு பங்காகும்போது திருகுவிசை அந்த அளவுக்குக் கூடுகிறது. அந்தக் கூடிய விசையைத் தாங்குவது கடைசி இணையான பினியனும் சக்கரப் பல்லும். கியர்பாக்ஸ் மூடிய பெட்டிக்குள் கிரீஸில் கிடக்கிறது. இந்தக் கடைசி இணையோ செம்மண் புழுதிக்கும் ஈரப் புல்லுக்கும் நடுவே திறந்து கிடக்கிறது. போதாததற்கு அதில் ஒன்று பிளாஸ்டிக். எது முதலில் தேயும் என்று கேட்கவே வேண்டாம்.

பினியன் ஷாஃப்டோடு நிலையாகப் பிணைக்கப்பட்டிருக்காது. ஷாஃப்டில் குறுக்காக ஒரு துளை வெட்டியிருப்பார்கள். பெரும்பாலும் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் எஃகுத் துண்டு ஒன்று அதற்குள் இங்கும் அங்கும் தளர்வாக நகரும். அதுதான் கீ. பினியனின் உட்சுவரில் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் படிகள் வெட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட் முன்னோக்கிச் சுழலும்போது கீயின் முனை செங்குத்தான படியில் மாட்டிப் பினியனை இழுத்துச் செல்லும். வண்டியை நாம் கையால் முன்னே தள்ளும்போது கீ சரிவில் வழுக்கி, சக்கரம் தனியே ஓடும். சைக்கிளின் ஃப்ரீவீல் செய்யும் அதே வேலைதான். வண்டியைத் திருப்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட வேகமாக ஓட முடிவதும் இந்த ஏற்பாட்டால்தான்.

குறை எங்கே என்று கண்டறிதல்

இன்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் கேப்பைக் கழற்றி, அது தானாகப் பிளக்கின் மேல் விழாதபடி ஒதுக்கிக் கட்டிவிடுங்கள். பிளேடைக் கையால் சிறிது திருப்பினாலும் இன்ஜின் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், இதைச் செய்யாமல் வண்டிக்கு அடியில் கை போகவே கூடாது. பேட்டரி வண்டியானால் பேட்டரியையே வெளியே எடுத்துவிட வேண்டும்.

இப்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நகர்வுக்கான லீவரை அழுத்திப் பிடித்தபடி பின்னோக்கி இழுங்கள். வார்ம் கியரைச் சக்கரத்தின் பக்கமிருந்து திருப்ப முடியாது என்பதால், எல்லாம் நன்றாக இருந்தால் இரண்டு சக்கரங்களும் பூட்டிக்கொண்டு, தரையைத் தேய்த்தபடிதான் பின்னே வரும். அப்படி வந்தால் பற்களும் கீயும் நல்ல நிலையில் உள்ளன; குறை பெல்ட்டிலோ, லீவரோடு இணைந்த கேபிளிலோ இருக்கிறது. ஒரு சக்கரம் பூட்டிக்கொள்ள, மற்றது 'டக் டக்' என்று துள்ளியபடி சுழன்றால் அந்தப் பக்கத்துப் பல் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லாமல் தாராளமாகச் சுழன்றால் கீ சிக்கிக்கொண்டிருக்கிறது, அல்லது தேய்ந்துவிட்டது. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும்.

ஓடும்போது தெரியும் அடையாளங்களும் உண்டு. "வண்டி ஒரு பக்கமாவே போகுதுங்க, புடிச்சு நிறுத்துறதுக்குள்ள கை வலி எடுத்துருது" என்று தோட்டக்காரர் சொன்னால், எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கச் சக்கரம்தான் வேலை செய்யவில்லை. மறுபக்கச் சக்கரம் தள்ளுவதால் வண்டி இந்தப் பக்கம் சாய்கிறது. சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது ஒரே ஒருமுறை துள்ளல் வந்தால், சக்கரப் பல்வரிசையில் ஓரிடத்தில் ஓரிரு பற்கள் உடைந்திருக்கின்றன. இடைவிடாமல் கடகடவென்றால் தேய்மானம் சுற்று முழுவதும் பரவியிருக்கிறது அல்லது பினியன் பற்களே போய்விட்டன. இரண்டு சக்கரங்களும் ஒரே நாளில் ஒன்றாக நின்றுபோனால் பல்லைப் பார்ப்பதற்கு முன் கேபிளைப் பாருங்கள். இரண்டு பக்கப் பற்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் தேய்ந்துவிடுவதில்லை.

கழற்றும் முன்

தேவைப்படுபவை: வண்டிக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர், சர்க்ளிப் பிளேயர் (ஷாஃப்டில் பாகம் கழலாமல் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற வில் வளையத்தை எடுக்க), சப்பை முனை உள்ள சிறிய ஸ்க்ரூ டிரைவர், பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு தட்டு, ஒரு கை பனியன் வேஸ்ட். திருப்பூர்ப் புண்ணியத்தில் நம் பகுதியில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிலோக் கணக்கில் கிடைக்கும் பனியன் வேஸ்ட் நூல் பிரியாமல் துடைக்கும் என்பதால், காட்டன் வேஸ்ட்டைவிட இதற்கு மேலானது; பிரிந்த நூல் ஒன்று கீயின் துளைக்குள் போனால் அதுவே அடுத்த பழுதாகிவிடும். ஸ்பேனர் அளவில் கவனம் தேவை. அமெரிக்க வடிவமைப்பு வண்டிகளில் நட்டுகள் அங்குல அளவிலும், ஜப்பானிய வண்டிகளில் மில்லிமீட்டர் அளவிலும் இருக்கும். அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறத்தாழப் பொருந்திவிடும். அந்த 'ஏறத்தாழ'தான் இறுகிப்போன நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

சக்கரத்தை மட்டும் கழற்ற வண்டியைச் சாய்க்க வேண்டியதில்லை. பின்பக்கத்தைத் தூக்கி, டெக்கின் (பிளேடை மேலிருந்து மூடியிருக்கும் உடற்பகுதி) பின்விளிம்புக்கு அடியில் கனமான மரக்கட்டை ஒன்றை வைத்தால் போதும். செங்கல்லை அடுக்கி வைப்பது வேண்டாம். போல்ட்டை முறுக்கும்போது சரிந்துவிடும். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சிறிய கட்டைகளைத் தடுப்பாக வையுங்கள். எப்போதாவது சாய்க்க நேர்ந்தால், கார்பரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேலே இருக்கும்படிதான் சாய்க்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் இன்ஜின் ஆயில் ஏர் ஃபில்டருக்குள் இறங்கி, பல்லைப் பார்க்கப் போன இடத்தில் இன்ஜின் வேலையும் சேர்ந்துகொள்ளும். சாய்ப்பதற்கு முன் பெட்ரோலையும் வடித்துவிடுங்கள்.

கழற்றுதல்

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்றுங்கள். மறுபக்கம் பூட்டியபடியே இருந்தால், எந்த வாஷர் எங்கே என்று சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி கையில் இருக்கும். இடம், வலம் என்பவை கைப்பிடிக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது உள்ள இடமும் வலமும்தான். உதிரிப் பாகப் பட்டியல்களிலும் இப்படித்தான் குறிப்பிடுவார்கள்.

சக்கரத்தின் வெளிமூடி இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிலும் சிறிது சிறிதாக நெம்பி எடுங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் அதன் கொக்கிகள் உடையும். நடுவில் உள்ள நட்டையோ போல்ட்டையோ கடிகாரச் சுற்றுக்கு எதிராகத் திருப்பிக் கழற்றி, சக்கரத்தை நேராக வெளியே இழுங்கள். சக்கரம் வரும்போதே வாஷர்களும், நடுத்துளையில் உள்ள புஷ் என்ற குழல் போன்ற வளையமும் உதிரக்கூடும். அடியில் தட்டு இருக்கட்டும். உதிர்ந்தவற்றைக் கழன்ற வரிசையிலேயே தட்டில் அடுக்கி, செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தூசித் தகடு இருக்கும். தேவையில்லாததென்று சிலர் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பல்வரிசைக்கு உள்ள ஒரே காவல் அதுதான்; உடைந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

தென்னந்தோப்பை ஒட்டிய புல்வெளியில் ஓடிய வண்டியானால் இந்தக் கட்டத்தில் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். பன்னாடையின் நாரும் மட்டையின் மஞ்சும் ஷாஃப்டின் மேல் சுற்றிச் சுற்றி, கிரீஸும் மண்ணும் கலந்து கறுத்து, தடித்த வளையம் போல் இறுகிக் கிடக்கும். பினியனை அது உள்ளிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் பற்கள் முழு அகலத்துக்குப் பொருந்தாமல் பாதி அகலத்தில் மட்டுமே உரசியிருக்கும். சக்கரப் பல்லில் பாதி தேய்ந்தும் மீதி பாதி புதிது போலவும் இருப்பதை விரலால் தடவினாலே அந்தப் படி தெரியும். கத்தியால் ஷாஃப்டின் நீளவாக்கில் கீறி அந்த வளையத்தைப் பிளந்து உரித்துவிடுங்கள். சுற்றுவாக்கில் இழுத்தால் மேலும் இறுகும்.

சக்கரப் பல்லும் புஷ்ஷும்

பல்வரிசையைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பல்லின் இரண்டு பக்கமும் ஒரே வளைவாக, நுனி தட்டையாக இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து, நுனி கூராகியிருக்கும். விசை எப்போதும் ஒரே பக்கமிருந்து வருவதால் மறுபக்கம் அப்படியே இருக்கும். இதைப் பார்த்ததும் இடச் சக்கரத்தை வலத்துக்கும் வலச் சக்கரத்தை இடத்துக்கும் மாற்றிவிட்டால் தேயாத பக்கம் வேலைக்கு வருமே என்று தோன்றும். அது நீடிக்காது. சக்கரத்தைப் பக்கம் மாற்றினாலும் பல்வரிசை வண்டியின் உட்பக்கம் நோக்கியே இருக்க வேண்டும். எனவே சக்கரம் அரைச்சுற்று திரும்பித்தான் போகும். அப்போது முன்னோக்கிய திசையும் அதனோடு மாறிவிடுவதால் பல்லின் மறுபக்கத்தில் விசை விழும் என்பது வரை உண்மைதான். ஆனால் கூராகித் தேய்ந்த பல் அடியிலும் மெலிந்திருக்கும். புதிய பக்கத்தில் விசை விழுந்ததும் முறிந்துவிடும். நாளைக் காலையில் கல்லூரியில் விழா, இன்று மாலைக்குள் புல் வெட்டியாக வேண்டும் என்ற நெருக்கடிக்கு வேண்டுமானால் செய்யலாம். இரண்டு பக்கமும் சக்கரங்கள் ஒரே அளவில், ஒரே அமைப்பில் இருந்தால்தான் அதுவும்.

புதியவர்கள் பார்க்கத் தவறுவது புஷ்ஷைத்தான். கழற்றும் முன்பே சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் நடுத்துளையில் உள்ள புஷ் அல்லது பேரிங் தேய்ந்துவிட்டது. சக்கரம் ஆடும்போது பினியனுக்கும் பல்வரிசைக்கும் உள்ள இடைவெளி கூடி, பற்கள் நுனியில் மட்டுமே பிடித்து, சுமை வரும்போது ஒன்றை ஒன்று தாண்டிக் குதிக்கும். பல் தேய்ந்ததற்கு மூலகாரணம் பல முறை இந்த ஆட்டம்தான். இதைக் கவனிக்காமல் புதுச் சக்கரத்தைப் பழைய, தேய்ந்த ஆக்ஸில் போல்ட்டின் மேல் மாட்டினால் புதிய பல்லும் அதே வழியில் போகும். போல்ட்டின் உடலில் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

பினியனும் கீயும்

ஷாஃப்ட் முனையில் உள்ள சர்க்ளிப்பை எடுக்கும்போது ஒரு கையால் பனியன் துணியை அதன்மேல் மூடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தெறித்துப் புல்லுக்குள் போய்விடும். தெறித்தது கண்ணில் படாமல் போனால் தேடி எடுக்கலாம், கண்ணிலேயே பட்டால் சிக்கல் என்பதால் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்ளிப்புக்குப் பின் உள்ள வாஷரை எடுத்து, பினியனை மெதுவாக உருவுங்கள். அது முழுதாக வெளியே வரும் முன் அடியில் கையை ஏந்துங்கள். கீ எந்தப் பக்கமும் விழும். விழும் முன்பே அது துளைக்குள் எந்த முனை எந்தப் பக்கமாக இருந்தது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

கீயையும் பினியனின் உட்புறத்தையும் ஷாஃப்டின் துளையையும் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பிளாஸ்டிக் சக்கரத்துக்கு மட்டும் சோப்புத் தண்ணீர். தின்னர் எல்லாவற்றையும் கரைக்கிறது என்பதற்காகப் பிளாஸ்டிக்கிலும் பயன்படுத்திவிடாதீர்கள். கழுவி உலர்ந்ததும் கீயை வெறுமனே துளைக்குள் விட்டுப் பாருங்கள். ஷாஃப்டைத் திருப்பும்போது தன் எடையிலேயே அது இங்கும் அங்கும் வழுக்கி விழ வேண்டும். தயங்கினால் துளையின் விளிம்பில் பிசிறு இருக்கிறது. மெல்லிய அரத்தால் பிசிறை மட்டும் எடுங்கள், துளையை அகலப்படுத்தாதீர்கள். கீயின் முனைகள் கூராக, சதுரமாக இருக்க வேண்டும்; உருண்டிருந்தால் அரத்தால் கூர்மைப்படுத்தாமல் புதிது போடுங்கள். அதன் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டிருக்கும். அரம் போட்டால் அந்தப் படலம் போய், சில வாரங்களில் மறுபடி உருண்டுவிடும்.

இந்த இடத்தில்தான் கிரீஸ் பற்றிய சண்டை வரும். நிறைய அப்பினால்தான் நிறைய நாள் உழைக்கும் என்பது பல பேரின் உறுதியான நம்பிக்கை. சக்கரப் பல்லில் கிரீஸ் பூசினால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளப்பிவிடும் ஆடி மாதத்துப் புழுதி முழுவதும் அதில் ஒட்டி, கிரீஸும் மணலும் சேர்ந்து பல்லை அரைக்கும். கீயில் அப்பினால், அது துளைக்குள் ஒட்டிக்கொண்டு விழ வேண்டிய நேரத்தில் விழாது. எல்லாப் பாகமும் புதிதாக இருந்தும் சக்கரம் சுழலாத வண்டிகளுக்குக் காரணம் இதுவே. ஷாஃப்டில் பினியன் உட்காரும் பகுதியில் துணியால் தேய்த்த அளவுக்கு மெல்லிய பூச்சு போதும். கீக்கு இன்ஜின் ஆயில் ஒரு துளி. வண்டியோடு வந்த கையேடு வேறு விதமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

உதிரிப் பாகமும் லேத்துப் பட்டறையும்

வண்டியின் பின்பக்கத்தில் உள்ள ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும்; அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் அழிந்திருந்தால் சக்கரத்தின் விட்டம், நடுத்துளையின் விட்டம், சக்கரப் பற்களின் எண்ணிக்கை, பினியன் பற்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு, பழைய பாகத்தையும் பையில் போட்டு எடுத்துச் செல்வதே நல்லது. பல வண்டிகளில் பல்வரிசை சக்கரத்தோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருப்பதால் முழுச் சக்கரமாகத்தான் கிடைக்கும். சக்கரப் பல் மோசமாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பினியனையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தேய்ந்த பினியன் புதுப் பல்லைத் தன் வடிவத்துக்குத் தேய்த்துக்கொள்ளும்.

பாகம் வர இரண்டு வாரம் ஆகும் என்று கடைக்காரர் சொன்னதும் கோயம்புத்தூர்க்காரருக்கு வருகிற அடுத்த யோசனை லேத்துப் பட்டறை. அதில் வியப்பில்லை. 1888-இல் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து, பின்னர் பம்ப்செட், மோட்டார், கிரைண்டர் என்று வரிசையாக வளர்ந்த ஊரில், கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கம் உடைந்த எதைக் கொண்டுபோனாலும் "செஞ்சு குடுத்தர்றனுங்க" என்று சொல்ல ஆள் இருக்கிறது. புல்வெட்டியே துணி ஆலையின் வழித்தோன்றல்தான்: 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் அதை உருவாக்கியபோது, கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது.

ஆயினும் எதைப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம், எதைக் கூடாது என்று ஒரு வரையறை வேண்டும். தேய்ந்த நடுத்துளைக்குப் பித்தளையிலோ நைலானிலோ புஷ் கடைந்து போடுவது நல்ல வேலை, தாராளமாகச் செய்யலாம். பினியனை நல்ல எஃகில் வெட்டலாம், ஆனால் உட்சுவரின் சரிவுப் படிகளை அதே கோணத்தில் எடுக்கத் தெரிந்தவர் கிடைக்க வேண்டும். சக்கரத்தின் உட்பல்வரிசையை எஃகிலோ அலுமினியத்திலோ செய்து பொருத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உட்பல்லைச் சாதாரண லேத்தில் வெட்ட முடியாது. அதற்குக் கியர் ஷேப்பிங் அல்லது ஸ்லாட்டிங் மெஷின் வேண்டும், கூலியே புதுச் சக்கரத்தின் விலையைத் தொட்டுவிடும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. கல்லில் சக்கரம் சிக்கினால் முதலில் உடைய வேண்டியது சுலபமாக மாற்றக்கூடிய பிளாஸ்டிக் பல். அதை உடையாததாக ஆக்கிவிட்டால் அடுத்த அடி பினியனிலும், அதற்கடுத்தது கியர்பாக்ஸுக்குள்ளேயும் விழும்.

பூட்டுதல்

கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்வதுதான் என்றாலும், ஓரிடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். இடப் பினியனும் வலப் பினியனும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்; உட்சரிவின் திசை மட்டும் வேறு. பலவற்றில் 'எல்', 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து பொறிக்கப்பட்டிருக்கும். எழுத்து இல்லாவிட்டால், அழிந்திருந்தால், அல்லது கடைக்காரர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்திருந்தால், சக்கரத்தை மாட்டும் முன்பே சோதித்துவிடலாம். கீயைத் துளையில் வைத்து, பினியனை மாட்டி, விரலால் திருப்புங்கள். முன்னோக்கித் திருப்பினால் 'கிளிக் கிளிக்' என்ற மெல்லிய ஒலியோடு தனியே சுழல வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் கீ மாட்டிக்கொண்டு ஷாஃப்டையும் இழுக்க வேண்டும். ஷாஃப்ட் அசையாத வகையானால் அங்கேயே நிற்க வேண்டும். முன்னோக்கி என்பது இடப் பக்கத்தில் நின்று சக்கரத்தைப் பார்ப்பவருக்குக் கடிகாரச் சுற்றுக்கு எதிரான திசை. வலப் பக்கத்தில் நிற்பவருக்குக் கடிகாரச் சுற்று. மாறி நடந்தால் முதலில் கீயைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதிலும் சரியாகாவிட்டால் பினியன் பக்கம் மாறிவிட்டது.

சர்க்ளிப் அதன் பள்ளத்தில் சுற்றிலும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுழற்றிப் பாருங்கள், சுழன்றால் சரி. வாயகன்று தளர்ந்த சர்க்ளிப்பைத் திரும்பப் போடுவது வீண் சிக்கனம். பிறகு தூசித் தகடு, வாஷர், சக்கரம் என்று மாட்டி, பினியனில் பல் பொருந்தும் வரை சக்கரத்தை மெல்ல ஆட்டி உள்ளே தள்ளுங்கள். சுத்தியலால் தட்டக் கூடாது. உட்புறம் நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டானால் புதியதே போடுங்கள். பழையது அதிர்வில் கழன்றுவிடும். சக்கரம் ஆடாமலும் சுழலத் தடையில்லாமலும் இருக்கும் அளவுக்கு முறுக்கினால் போதும்.

ஓட்டிப் பார்த்தல்

வண்டியைத் தரையில் இறக்கி, பிளக் கேப்பை மாட்டும் முன்னரே, லீவரை அழுத்திப் பின்னே இழுக்கும் பழைய சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டு சக்கரமும் பூட்டிக்கொண்டால் பற்கள் வரை வேலை முடிந்தது. லீவரை விட்டதும் வண்டி பின்னே வர மறுத்தால் பயப்பட வேண்டாம். கீ இன்னும் மாட்டியிருக்கிறது. அரை அடி முன்னே தள்ளிவிட்டு இழுத்தால் விடுபட்டுவிடும். பிறகு இன்ஜினை ஓட்டி, ஆளில்லாத திறந்த புல்வெளியில் நகர்த்திப் பாருங்கள். பின்சக்கரங்களைக் கட்டையில் தூக்கி வைத்தபடி இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது சிலரின் வழக்கம். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடினால் பிளேடும் ஓடும்; தூக்கி வைத்த டெக்கின் அடியில் அது திறந்து கிடக்கும் என்பதால் அந்த முறை வேண்டவே வேண்டாம்.

சமதளத்தில் ஓடி, மேட்டில் மட்டும் நின்றுவிட்டால் கேபிளில் தொய்வு இருக்கிறது அல்லது பெல்ட் வழுக்குகிறது. கேபிளின் முனையில் உள்ள திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தொய்வை எடுங்கள். லீவரை விட்ட பிறகும் வண்டி நகர முயன்றால் அளவுக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள். கேபிள் சரியாக இருந்தும் வழுக்கினால் பெல்ட் பளபளவென்று தேய்ந்திருக்கும் அல்லது உட்பக்கம் வெடித்திருக்கும். அதை மாற்றப் பல வண்டிகளில் பிளேடையே கழற்ற வேண்டும். பிளேடு போல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்குத் திரும்ப முறுக்க டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் அந்த வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

பூட்டிய பற்கள் நீடிக்க, ஓட்டுபவரின் கைப்பழக்கமே முதலில் மாற வேண்டும். வரிசையின் முடிவில் திரும்பும்போது லீவரை விட்டுவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள். இன்ஜின் ஓடும்போது லீவரை அழுத்தியபடி பின்னே இழுப்பதும், நடைபாதைக் கல்லின் மேல் இயக்கத்திலேயே ஏற்றுவதும் பல்லை உடைக்கும் வழிகள். தென்னைக்கு அடியில் வெட்டும் முன் குரும்பையையும் பன்னாடையையும் பொறுக்கிவிட வேண்டும். ஐப்பசி மழையில் நனைந்த புல்லை ஒரேயடியாகத் தாழ்வாக வெட்டாமல், உயரத்தைக் கூட்டி இரண்டு முறை ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் குழாயைப் பீய்ச்சி அடித்துச் சக்கரத்தைக் கழுவினால் மண் உள்ளேதான் போகும்; காய்ந்த பிறகு பிரஷால் தட்டிவிடுவதே சரி. புழுதிக் காலம் முடிந்து மழை தொடங்கும் முன் ஒரு முறையும், மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு ஒரு முறையும் சக்கரங்களைக் கழற்றி நாரை எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

பற்கள், கீ, கேபிள், பெல்ட் எல்லாம் சரியாக இருந்தும், கியர்பாக்ஸின் மேல் புல்லி சுழல, ஷாஃப்ட் மட்டும் சுழலாமல் நின்றால்தான் உள்ளே இருக்கும் வார்ம் கியர் போய்விட்டது என்று பொருள். பல தயாரிப்புகளில் அதன் உள்பாகங்கள் தனியே கிடைப்பதில்லை. முழு கியர்பாக்ஸாகவே மாற்ற நேரிடும். விலை கேட்டுவிட்டு, வண்டியின் வயதையும் இன்ஜினின் நிலையையும் பார்த்து முடிவெடுங்கள். மாற்றுவதாக முடிவு செய்தால் பழைய கியர்பாக்ஸின் ஷாஃப்டிலிருந்து பினியன், கீ, வாஷர், சர்க்ளிப் அனைத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு கொடுங்கள். புதியதோடு அவை பெரும்பாலும் வருவதில்லை.